காட்டேரி என்று ஒரு கப்பல்!

பெயரைக் கேட்டால் நடுக்கம். செய்த வேலையோ உயிர் காக்கும் வேலை

1942-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம் 9-ந் தேதி, வியாழக்கிழமை.

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பு என்று ஒரு ஊர். அந்த ஊருக்கு எதிரே, கடலில் இரண்டு போர்க் கப்பல்கள் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

ஒன்று பெரிய கப்பல். இன்னொன்று சிறிய கப்பல். பெரியதற்குக் காவலாகச் சிறியது கூடவே போயிற்று.

காலை மணி 10-35. வானத்தில் இரைச்சல் கேட்டது. மாலுமிகள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல. ஏராளமான ஜப்பானிய விமானங்கள்!

அரை மணி நேரம் சென்றது. அந்த இடத்தில் பெரிய கப்பலும் இல்லை. சிறிய கப்பலும் இல்லை. எண்ணெய் படர்ந்த கடலில் நூற்றுக்கணக்கான மனிதத் தலைகள் மட்டுமே மிதந்தன.

அந்தச் சிறிய கப்பலின் பெயர் வாம்பயர். வாம்பயர் என்றால் இரத்தம் குடிக்கும் பேய். நம் ஊர் பாஷையில் சொன்னால் காட்டேரி!

பெயர் தான் காட்டேரி. அந்தக் கப்பலின் கதையைப் படித்தால், எத்தனை தாய்மார்களின் பிள்ளைகளை அது காப்பாற்றியது என்பது தெரியும்.

பெயர் மாறிய கப்பல்

முதல் உலக மகா யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். இங்கிலாந்தின் தென் கரையை ஒட்டி ஒயிட் தீவு இருக்கிறது. அங்கே கௌஸ் என்ற ஊரில் உள்ள கப்பல் பட்டறையில் 1916-ம் ஆண்டு அக்டோபரில் இந்தக் கப்பலைக் கட்டத் தொடங்கினார்கள்.

முதலில் வைத்த பெயர் வாலஸ். கட்டி முடிப்பதற்குள் பெயரை மாற்றி வாம்பயர் என்று ஆக்கினார்கள். 1917-ம் ஆண்டு மே மாதம் கப்பல் தண்ணீரில் இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது.

இது "நாசகாரி" என்னும் வகையைச் சேர்ந்த கப்பல். நாசகாரிக் கப்பல் என்றால் என்ன?

பெரிய போர்க் கப்பல் யானை மாதிரி. உடம்பெல்லாம் கனமான இரும்புக் கவசம் இருக்கும். ஆனால் வேகம் குறைவு. நாசகாரி வேட்டை நாய் மாதிரி. கவசம் கிடையாது. மெல்லிய தகடு தான். ஆனால் பாய்ந்து ஓடும்.

வாம்பயரின் நீளம் 312 அடி. அகலம் 30 அடிக்கும் சற்றுக் குறைவு. ஒல்லியான உருவம். மணிக்கு சுமார் 39 மைல் வேகத்தில் ஓடக்கூடியது. நான்கு பீரங்கிகளும், டார்பிடோ குண்டுகளைச் செலுத்த ஆறு குழாய்களும் அதில் இருந்தன.

டார்பிடோ என்பது தண்ணீருக்குள் தானாகவே ஓடிப் போய், எதிரிக் கப்பலின் வயிற்றில் மோதி வெடிக்கும் குண்டு. எத்தனை பெரிய கப்பலானாலும் அதற்குப் பயப்படும்.

நாசகாரியின் வேலை ஓயாத வேலை. சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போக வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி விரட்ட வேண்டும். பெரிய கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்து பாதுகாக்க வேண்டும். யாராவது கடலில் தத்தளித்தால் ஓடிப் போய்த் தூக்க வேண்டும்.

மாலுமிகளுக்குச் சுகம் என்பதே கிடையாது. தொங்கும் தூளியில் தான் தூக்கம். அலை அடித்தால் தண்ணீர் உள்ளே வரும். சாப்பாட்டுத் தட்டு கையில் நிற்காது.

தென் திசைக்குப் பயணம்

முதல் யுத்தம் முடிந்தது. ஆண்டுகள் ஓடின.

1933-ம் ஆண்டு பிரிட்டன் தன்னுடைய பழைய நாசகாரிகள் ஐந்தை ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்தது. அவற்றில் வாம்பயரும் ஒன்று. மற்ற நான்கு: ஸ்டூவர்ட், வெண்டெட்டா, வாயேஜர், வாட்டர்ஹென்.

வெண்டெட்டா என்றால் பழிக்குப் பழி. வாயேஜர் என்றால் கடல் யாத்திரை போகிறவன். வாட்டர்ஹென் என்றால் நீர்க்கோழி. ஸ்டூவர்ட் ஒரு ராஜ வம்சத்தின் பெயர். காட்டேரியும் கோழியும் ஒரே கூட்டத்தில் சேர்ந்தன!

அந்த ஆண்டு டிசம்பரில் ஐந்து கப்பல்களும் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தன. ஆனால் சமாதான காலம். வாம்பயருக்கு வேலை இல்லை. 1934-ல் அதை மூலையில் கட்டிப் போட்டுவிட்டார்கள். 1938-ல் தான் மறுபடியும் அவிழ்த்துவிட்டார்கள்.

மறு ஆண்டு, 1939 செப்டம்பரில், இரண்டாவது உலக மகா யுத்தம் மூண்டது.

"பழைய இரும்பு!"

ஐந்து கப்பல்களும் மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் மால்டா தீவை அடைந்தன. பிரிட்டிஷ் கடற்படையுடன் சேர்ந்து வேலை செய்யும்படி உத்தரவு.

கப்பல்களுக்கு வயதாகிவிட்டது. வாம்பயருக்கு அப்போது 22 வயது. மனிதனுக்கு அது வாலிபம். நாசகாரிக்கோ அது கிழப் பருவம். குழாய்கள் அரித்துப் போயின. இயந்திர அறையில் இருந்தவர்கள் இரவும் பகலும் ஓட்டை அடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

இதைக் கேள்விப்பட்டு ஜெர்மனி ஏளனம் செய்தது. "ஆஸ்திரேலியா பழைய இரும்பை மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறது" என்று ஹிட்லரின் பிரசார மந்திரி கோயபல்ஸ் கேலி பேசியதாகச் சொல்வார்கள்.

கேலியைக் கேட்டு ஆஸ்திரேலிய மாலுமிகள் கோபப்படவில்லை. அதையே தங்கள் பட்டமாக வைத்துக்கொண்டார்கள். "ஆமாம், நாங்கள் பழைய இரும்புப் படை தான்" என்று மார் தட்டினார்கள். சரித்திரத்திலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

குண்டு மழையில்

1940 ஜூன் மாதம் இத்தாலியும் யுத்தத்தில் குதித்தது. மத்தியதரைக் கடல் கொதித்தது.

ஜூலை 9-ந் தேதி, இத்தாலியின் தென் கோடியில் உள்ள கலாப்ரியாவுக்கு அருகே, பிரிட்டிஷ் கடற்படையும் இத்தாலியக் கடற்படையும் மோதின. பழைய இரும்புப் படையைச் சேர்ந்த ஸ்டூவர்ட், வாம்பயர், வாயேஜர் ஆகிய மூன்று கப்பல்களும் அந்தப் போரில் பங்கு கொண்டன.

போர் முடிந்தும் ஆபத்து முடியவில்லை. திரும்பும் வழியில் விமானங்கள் துரத்தித் துரத்திக் குண்டு போட்டன. ஒரு குண்டு வாம்பயருக்கு மிக அருகில் விழுந்து வெடித்தது. அதில் படுகாயம் அடைந்த ஒரு பீரங்கி அதிகாரி இறந்தார்.

1941 ஏப்ரலில் கிரீஸ் நாட்டை ஜெர்மானியர் பிடித்தார்கள். அங்கே பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பட்டாளங்கள் மாட்டிக்கொண்டன. முன்னே எதிரி, பின்னே கடல்.

இரவு நேரத்தில் கப்பல்கள் கரைக்கு அருகே போயின. விளக்கே இல்லாமல் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டன. விடிவதற்குள் ஓடி வந்தன. விடிந்துவிட்டால் விமானம் வரும்! இப்படிச் சுமார் 50,000 பேர் தப்பினார்கள்.

பழைய இரும்புக் கப்பல்கள் ஐந்துமே இந்த வேலையில் ஈடுபட்டன. வாயேஜர் கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட நர்சுகளையும் ஏற்றிக்கொண்டு வந்தது.

நீர்க்கோழி செய்த உதவி

அதே ஏப்ரலில் இன்னொரு சம்பவம் நடந்தது. அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முடிவில் அது திரும்பி வரும்.

வட ஆப்பிரிக்காவில் டோப்ருக் என்ற துறைமுகம் இருக்கிறது. அதை ஜெர்மன், இத்தாலியப் பட்டாளங்கள் முற்றுகை இட்டிருந்தன. உள்ளே ஆஸ்திரேலியப் பட்டாளம். சாப்பாடும் குண்டும் கடல் வழியாகத் தான் போக வேண்டும்.

நீர்க்கோழியான வாட்டர்ஹென் அங்கே அடிக்கடி போய் வந்தது. சிப்பாய்கள் அதைச் செல்லமாகக் "கோழி" என்றே கூப்பிட்டார்கள்.

அந்தத் துறைமுகத்துக்கு வீட்டா என்ற கப்பல் காயம் பட்டவர்களை ஏற்றப் போயிருந்தது. வீட்டா போர்க் கப்பல் அல்ல, ஆஸ்பத்திரிக் கப்பல். ஆஸ்பத்திரிக் கப்பலுக்கு வெள்ளை வர்ணம் அடித்திருப்பார்கள். பெரிய சிவப்புச் சிலுவை வரைந்திருப்பார்கள். அதைத் தாக்கக்கூடாது என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதி.

ஆனால் 1941 ஏப்ரல் 14-ந் தேதி டோப்ருக் அருகே விமானங்கள் வீட்டாவின் மீது குண்டு வீசின. கப்பல் நகர முடியாமல் நின்றுவிட்டது. உள்ளே படுத்த படுக்கையாக நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள்! டாக்டர்கள், நர்சுகள் வேறு.

வாட்டர்ஹென் ஓடி வந்தது. நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் தன் மீது ஏற்றிக்கொண்டது. எல்லோரும் பிழைத்தார்கள். வீட்டாவும் முழுகாமல் தப்பியது. பிறகு அதைப் பழுது பார்த்தார்கள்.

கோழியின் ஆயுள் தான் நீடிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் 29-ந் தேதி டோப்ருக் போகும் வழியில் வாட்டர்ஹென் மீது குண்டு விழுந்தது. மறு நாள் முழுகிவிட்டது. ஆனால் கப்பலில் இருந்த ஒருவர் கூட சாகவில்லை. வேறொரு நாசகாரி அவர்களை ஏற்றிக்கொண்டது.

சிங்கப்பூரில்

அதற்குள் வாம்பயரின் இயந்திரங்கள் களைத்துவிட்டன. பழுது பார்க்கச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். 1941 மே மாதக் கடைசியில் அது மத்தியதரைக் கடலை விட்டுக் கிளம்பியது.

கப்பல் வேலை முடிந்து தயாரானபோது கிழக்கிலும் யுத்த மேகம் சூழ்ந்துவிட்டது. அப்போது வாம்பயரின் தலைவர் கமாண்டர் மோரன்.

டிசம்பர் 2-ந் தேதி பிரிட்டனின் இரண்டு பெரிய போர்க் கப்பல்கள் சிங்கப்பூருக்கு வந்தன. ஒன்று பிரின்ஸ் ஆப் வேல்ஸ். புத்தம் புதிய கப்பல். ஆகஸ்ட் மாதம் தான் சர்ச்சில் அதில் ஏறிப் போய் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். இன்னொன்று ரிபல்ஸ். சற்றுப் பழையது, ஆனால் வேகமானது.

டிசம்பர் 8-ந் தேதி ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். அன்று மாலையே இரண்டு பெரிய கப்பல்களும் அவர்களைத் தடுக்கப் புறப்பட்டன. கூடப் போன நாசகாரிகள் நான்கு: எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், டெனிடாஸ், வாம்பயர்.

கடலில் இத்தனை பலம் இருந்தது. ஆனால் தலைக்கு மேலே பாதுகாக்க ஒரு விமானம் கூட இல்லை.

யானைகள் சாய்ந்தன

டிசம்பர் 10-ந் தேதி. மலாயாவின் கிழக்கே குவாந்தான் கடல். காலை 11 மணிக்கு மேல் ஜப்பானிய விமானங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. மொத்தம் 80-க்கும் மேல்.

குண்டு வீசும் விமானங்கள் ஒரு பக்கம். டார்பிடோ போடும் விமானங்கள் மறு பக்கம்.

ரிபல்ஸ் கப்பலின் தலைவர் கேப்டன் டென்னண்ட். அதற்கு முந்திய ஆண்டு, 1940-ல், பிரான்சின் டன்கர்க் கரையில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் பட்டாளத்தைக் கப்பல் ஏற்றும் பொறுப்பில் நின்றவர் அவர் தான். அன்று அவர் கண் முன்னே லட்சக்கணக்கான சிப்பாய்கள் கரை சேர்ந்தார்கள்.

இன்று அவருக்கே சோதனை. கப்பலை வலமும் இடமும் திருப்பி, டார்பிடோக்களைத் தப்பித் தப்பி ஓடினார். எத்தனை நேரம் தான் தப்ப முடியும்? நாலா பக்கமும் ஒரே நேரத்தில் டார்பிடோ பாய்ந்து வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மோதின.

"எல்லோரும் மேல் தளத்துக்கு வாருங்கள்" என்று கேப்டன் உத்தரவிட்டார். அந்த ஒரு உத்தரவால் பல நூறு பேர் பிழைத்தார்கள். பிற்பகல் 12-33 மணிக்கு ரிபல்ஸ் புரண்டு முழுகியது. கேப்டனையும் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆனால் அவர் மறுபடியும் மேலே வந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. பிரின்ஸ் ஆப் வேல்ஸும் முழுகியது. கடற்படைத் தளபதி அட்மிரல் பிலிப்ஸும், கப்பலின் தலைவர் கேப்டன் லீச்சும் இறந்தார்கள்.

225 உயிர்கள்

இப்போது தான் வேட்டை நாய்களுக்கு வேலை வந்தது.

கடல் முழுவதும் கரி எண்ணெய். அதில் மனிதர்கள் மிதந்தார்கள். கண்ணிலும் வாயிலும் எண்ணெய். பிடித்த கை வழுக்கியது.

வாம்பயர் அவர்கள் நடுவே போய் நின்றது. யுத்த நேரத்தில் நாசகாரி நடுக்கடலில் நிற்பது மிகப் பெரிய ஆபத்து. ஓடுவது தான் அதற்குக் கவசம். நின்றுவிட்டால் நீர்மூழ்கிக்கும் விமானத்துக்கும் அது சுலபமான குறி. அது தெரிந்தும் நின்றது.

கயிறுகளை வீசினார்கள். வலைகளைத் தொங்க விட்டார்கள். ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். எலெக்ட்ராவும் எக்ஸ்பிரஸும் அதே வேலையைச் செய்தன.

ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். மனிதர்களைத் தூக்கிக்கொண்டிருந்த நாசகாரிகளை ஜப்பானிய விமானிகள் தாக்கவில்லை.

வாம்பயர் மட்டும் 225 பேரைக் காப்பாற்றியது. அதில் கேப்டன் டென்னண்டும் ஒருவர்! அந்தச் சிறிய கப்பலில் சொந்த மாலுமிகளே நூற்றுச் சொச்சம் பேர் தான். அதைப் போல் இரண்டு பங்கு விருந்தாளிகள் ஏறிக்கொண்டார்கள். உட்கார இடம் இல்லை. நிற்க இடம் கிடைத்ததே பாக்கியம்.

அன்று இரண்டு கப்பல்களிலும் சேர்த்து 840 பேர் இறந்தார்கள். 2,000-க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். மூன்று சிறிய கப்பல்கள் செய்த வேலை அது.

எண்டாவ் இரவு

அடுத்த மாதம் வாம்பயருக்கு இன்னொரு சோதனை.

1942 ஜனவரி 26. மலாயாவின் கிழக்குக் கரையில் எண்டாவ் என்ற இடத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வந்து இறங்கின. அவற்றை இரவில் போய்த் தாக்கும்படி வாம்பயருக்கும் தானெட் என்ற பிரிட்டிஷ் நாசகாரிக்கும் உத்தரவு. தானெட்டும் பழைய கப்பல். 1918-ல் தண்ணீரில் இறங்கியது.

நள்ளிரவு தாண்டி இரண்டும் உள்ளே நுழைந்தன. டார்பிடோக்களைச் செலுத்தின. ஒன்றும் பலிக்கவில்லை. அதற்குள் ஜப்பானிய நாசகாரிகளும், அவற்றைவிடப் பெரிய குரூசர் கப்பல் ஒன்றும் சூழ்ந்துகொண்டன.

இருட்டில் பீரங்கிகள் முழங்கின. தானெட்டின் இயந்திர அறையில் குண்டு பாய்ந்தது. கப்பல் நின்றுவிட்டது. தோழனை மறைக்க வாம்பயர் புகைத் திரை போட்டது. பயன் இல்லை. தானெட் முழுகியது.

வாம்பயர் ஓர் அடி கூடப் படாமல் சிங்கப்பூர் திரும்பியது. அதிர்ஷ்டமுள்ள கப்பல் என்று தான் சொல்ல வேண்டும். ஆனால் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு கெடு உண்டல்லவா?

பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அதற்கு முன்பே வாம்பயர் அங்கிருந்து கிளம்பிவிட்டது. இனி அதற்குத் தங்கும் இடம் இலங்கை.

இலங்கைக் கடலில் புயல்

1942 ஏப்ரல் மாதம். ஜப்பானின் பெரிய கடற்படை இந்து மகா சமுத்திரத்துக்குள் நுழைந்தது. ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்கள். தளபதி அட்மிரல் நகுமோ. அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய படைக்குத் தலைமை வகித்தவர் அவர் தான்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மீது குண்டு விழுந்தது. குவாந்தான் கடலில் வாம்பயருடன் போன டெனிடாஸ் கப்பல், கொழும்புத் துறைமுகத்திலேயே முழுகியது. எலெக்ட்ரா பிப்ரவரியிலேயே ஜாவாக் கடலில் முழுகிவிட்டது.

மறு நாள் இந்தியாவின் கரையிலும் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களில் குண்டு விழுந்தது. சென்னையில் பீதி பரவியது. மக்கள் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு ஊர்களுக்கு ஓடினார்கள். அன்று சென்னையில் இருந்த குடும்பங்களில் இந்தக் கதையைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்கள் பலர்.

ஏப்ரல் 8-ந் தேதி ஒரு எச்சரிக்கை வந்தது. ஜப்பானியப் படை திருகோணமலையை நோக்கி வருகிறது!

துறைமுகத்தில் நின்றால் குண்டுக்கு இரையாக வேண்டியது தான். "எல்லாக் கப்பல்களும் வெளியே போங்கள்" என்று உத்தரவு. அன்று இரவே ஹெர்மஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பல் புறப்பட்டது. காவலுக்கு வாம்பயர். கரையை ஒட்டித் தெற்கே போயின.

விமானம் இல்லாத விமானக் கப்பல்

9-ந் தேதி காலை திருகோணமலையில் குண்டு மழை பொழிந்தது. அந்த நேரத்தில் ஹெர்மஸும் வாம்பயரும் தொலைவில் பத்திரமாக இருந்தன. தாக்குதல் முடிந்ததும் துறைமுகம் திரும்பலாம் என்று வடக்கே திரும்பின.

ஆனால் ஜப்பானிய உளவு விமானம் ஒன்று அவற்றைப் பார்த்துவிட்டது. செய்தி பறந்தது.

ஹெர்மஸ் விமானம் தாங்கிக் கப்பல் தான். ஆனால் அன்று அதில் ஒரு விமானம் கூட இல்லை! விமானங்கள் எல்லாம் கரையில் இருந்தன. உதவிக்கு விமானம் அனுப்பும்படி கேட்டார்கள். அது நேரத்துக்கு வந்து சேரவில்லை.

10-35 மணிக்குத் தாக்குதல் ஆரம்பம். விமானங்கள் உயரத்திலிருந்து கழுகு போலச் செங்குத்தாகப் பாய்ந்தன. குண்டுகள் ஒன்று கூடத் தவறாதது போல விழுந்தன. இருபதே நிமிஷம். 10-55 மணிக்கு ஹெர்மஸ் முழுகியது. கேப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள்.

மிச்சம் இருந்த விமானங்கள் வாம்பயர் பக்கம் திரும்பின.

வாம்பயரின் பீரங்கிகள் ஓயாமல் சுட்டன. ஆனால் அவை முதல் யுத்த காலத்துக் கப்பலின் பீரங்கிகள். தலைக்கு நேர் மேலே பாய்ந்து வரும் விமானத்தை நினைத்துச் செய்தவை அல்ல.

முதலில் குண்டுகள் பக்கத்தில் விழுந்தன. கப்பல் குலுங்கி நின்றது. பிறகு நேராகவே விழுந்தன. கப்பலைக் கைவிடும்படி உத்தரவு பிறந்தது. மிதவைகளை இறக்கினார்கள். மாலுமிகள் குதித்தார்கள்.

25 ஆண்டுகள் கடலில் உழைத்த அந்தக் கிழட்டுக் கப்பல் இரண்டாக உடைந்தது. 11 மணிக்குச் சற்றுப் பின் முழுதும் மறைந்துவிட்டது.

கமாண்டர் மோரன் கரை திரும்பவில்லை. மற்றவர்களைத் தப்பவிட்ட தலைவர் கப்பலோடு போய்விட்டார்.

ஆனால் கப்பலில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் இறந்தவர்கள் தொகை பத்தைக் கூட எட்டவில்லை. மற்றவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள்.

எப்படிப் பிழைத்தார்கள்?

வெள்ளைக் கப்பல் வந்தது

எண்ணெயில் மிதந்த மாலுமிகள் தூரத்தில் ஒரு கப்பலைப் பார்த்தார்கள். போர்க் கப்பலின் சாம்பல் நிறம் அல்ல. வெள்ளை வெளேர் என்ற நிறம். பக்கத்தில் சிவப்புச் சிலுவை.

அது ஒரு ஆஸ்பத்திரிக் கப்பல். திருகோணமலையிலிருந்து அந்த வழியாக வந்துகொண்டிருந்தது.

அதன் பெயர் வீட்டா!

ஆம், அதே வீட்டா தான். ஓர் ஆண்டுக்கு முன் டோப்ருக் கடலில் குண்டுபட்டுத் தவித்த அதே கப்பல். அன்று அதன் நோயாளிகளைக் காப்பாற்றியது வாட்டர்ஹென். அந்த வாட்டர்ஹென்னின் கூட்டாளி வாம்பயர். இன்று வாம்பயரின் பிள்ளைகள் தண்ணீரில் கிடந்தார்கள். காப்பாற்ற வந்தது வீட்டா!

யாரும் திட்டமிடவில்லை. ஆப்பிரிக்கக் கரையில் கொடுத்த கடன் மட்டக்களப்புக் கடலில் திரும்பி வந்தது.

படகுகளை இறக்கினார்கள். இரண்டு கப்பல்களையும் சேர்ந்த சுமார் 600 பேரை வீட்டா ஏற்றிக்கொண்டது. இந்த முறை விமானங்கள் அதைத் தொடவில்லை. காயங்களுக்குக் கட்டுப் போட்டு, எல்லோரையும் கொழும்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மற்றவை என்ன ஆயின?

பழைய இரும்புப் படையில் மிச்சம் இருந்தவை மூன்று.

வாயேஜர் 1942 செப்டம்பரில் தைமூர்த் தீவில் சிப்பாய்களை இறக்கும்போது மணலில் தட்டி நின்றுவிட்டது. எதிரி கையில் சிக்காமல் இருக்க, மாலுமிகளே அதை உடைத்துவிட்டார்கள்.

ஸ்டூவர்ட்டும் வெண்டெட்டாவும் யுத்தம் முடியும் வரை உழைத்தன. பிறகு ஸ்டூவர்ட்டை உடைக்க விற்றார்கள். வெண்டெட்டாவை 1948-ல் சிட்னிக்கு வெளியே கடலில் முழுகடித்தார்கள்.

பழைய இரும்புப் படையின் முதல் தலைவர், ஸ்டூவர்ட்டின் கேப்டன் வாலர். அவர் 1942 மார்ச் 1-ந் தேதி பெர்த் என்ற கப்பலோடு சுந்தா ஜலசந்தியில் வீர மரணம் அடைந்தார்.

இன்றும் ஒரு வாம்பயர்

வாம்பயரின் பெயரை ஆஸ்திரேலியா மறக்கவில்லை. 1959-ல் ஒரு புதிய நாசகாரிக்கு அதே பெயரை வைத்தார்கள். அது 1986 வரை கடலில் வேலை செய்தது. இப்போது சிட்னி நகரில் டார்லிங் துறைமுகத்தில் கண்காட்சிக் கப்பலாக நிற்கிறது. பிள்ளைகள் ஏறிப் பார்க்கிறார்கள். பீரங்கியைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

மட்டக்களப்புக் கடலில் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் ஹெர்மஸ் சாய்ந்து கிடக்கிறது. முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்து வருகிறார்கள். துருப்பிடித்த இரும்பில் பவளம் படர்ந்து, மீன்கள் குடியிருக்கின்றன.

பழைய வாம்பயர் பெரிய போர்க் கப்பல் எதையும் முழுகடித்ததில்லை. எண்டாவில் அது செலுத்திய டார்பிடோக்கள் கூடக் குறி தவறின. ஆனால் ரிபல்ஸிலிருந்து அது தூக்கிய 225 பேரும் தங்கள் பிள்ளைகளிடம் அதைப் பற்றி வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள்.

அது காட்டேரி அல்ல; காவல் தெய்வம்!